இனாம் டிக்கெட்டும் அம்மாவின் காப்பும்

என் தம்பியைப் போலப் பணம் கட்டத் துடிக்கிறவனை நான் பார்த்ததில்லை. கட்டுகிற பணம் மட்டும் அடுத்தவர்களுடையதாக இருக்க வேண்டும். மெல்பர்னில் வேலையாகி அங்கேயே குடியேறிவிட்டவன், மலேசியாவுக்கு, ஊருக்கு வந்தால் சிரம்பானில் எந்தக் கடையில் சாப்பிட்டாலும் எல்லாருக்கும் முன்னால் எழுந்து போய்க் கார்டை நீட்டுவான். பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். கார்டைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்த கையோடு எங்கள் பக்கம் திரும்புவான்.

"உங்க பங்க எங்கிட்ட குடுத்துடுங்க. எப்படியும் கட்டப்போற காசுதானே? என் கார்டுல போனா பாயிண்டு ஏறும்லா."

நாசி காண்டார் சோற்றுக்கடை முதலாளி காக்காவுக்கே இது பழகிப்போய்விட்டது. தம்பியைக் கண்டாலே கார்டு மெஷினை எடுத்து மேசை மேல் வைத்துவிடுவார்.

அது விமானக் கம்பெனியோடு சேர்ந்த கார்டு. செலவு செய்யச் செய்யப் பாயிண்ட் சேரும். பாயிண்ட் சேர்ந்தால் டிக்கெட் இனாம். எங்கள் வீட்டு ஐஸ்பெட்டி, என் வீட்டுக்காரரின் லாரி டயர்கள், காரின் காப்புறுதி எல்லாம் அந்தக் கார்டில் ஏறி இறங்கியவை. காசு எங்களுடையது, பாயிண்ட் அவனுடையது. அப்பா இறந்து கருமாதிக்கு பக்கத்து ரஹாங்கில் ஒரு சமையல்காரரிடம் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தோம். இலை எடுத்து முடிவதற்குள் தம்பி கார்டோடு சமையல்காரரிடம் நின்றான். பிறகு மொட்டைத் தலையோடு வந்து அம்மாவிடமும் என்னிடமும் பங்கு கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. அம்மாதான் என்னை அடக்கினார்.

"விடு. எனக்காகத்தானே சேக்குறான்."

உண்மைதான். அப்படித்தான் சொல்லியிருந்தான். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உங்களுக்குத்தாம்மா. நெறைய சேந்ததும் இனாமாவே டிக்கெட் போட்டு ஒங்கள பிளேன்ல கூட்டிக்கிறேன்" என்பான். அம்மா அதுவரை விமானம் ஏறியதில்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலம் முழுவதும் அண்ணாந்து பார்த்ததோடு சரி. பாயிண்ட் என்பதை அவர் தனக்குத் தெரிந்த வழியில் புரிந்துகொண்டார். "சொட்டுச் சொட்டா வடிஞ்சுதானே மங்கு நெறையுது" என்பார். மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் கிண்ணத்தைத்தான் சொல்கிறார்.

அம்மா எதற்காக அவ்வளவு ஆசைப்பட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். கட்டடம் பார்க்கவோ கங்காரு பார்க்கவோ இல்லை. கல்யாணமாகிப் பல வருடம் குழந்தையில்லாமல் இருந்த தம்பிக்கு ஒரு பெண் பிறந்திருந்தாள். எங்களையெல்லாம் அம்மா இருட்டோடு தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஓடியவர். மரம் வெட்டி, பால் எடுத்து, எடை போட்டு வரும்போது ஆயா எங்களைக் குளிப்பாட்டி முடித்திருப்பார். "எம்புள்ளைங்கள நான் பகல்ல குளிப்பாட்டினதே இல்ல" என்று அம்மா சொல்லும்போது அதில் குறை தொனிக்காது. ஆனால் பேத்தி பிறந்த சேதி வந்த அன்று, "அவள நான் குளிப்பாட்டணும்" என்றார். பெயர் என்ன, யார் சாடை என்றெல்லாம் பிறகுதான் கேட்டார்.

அடுத்த வாரமே தம்பி கூப்பிட்டான்.

"அம்மா, டிக்கெட் போட்டாச்சு. பாயிண்டுலயே. ஒரு காசு கெடையாது. துணிமணிய எடுத்து வச்சிட்டு ரெடியா இருங்க."

அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு நேரே வாசலுக்குப் போனார். எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி, "எம்மவன் இனாம் டிக்கெட் போட்டுட்டான்!" என்றார். மம்பாவில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில் பாதி வீடு பழைய தோட்டத்து ஆட்கள்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளை இடித்தபோது ஒன்றாகக் கிளம்பி வந்து மலிவு வீடுகளில் ஒன்றாகவே உட்கார்ந்துவிட்டவர்கள். அன்று சாயங்காலத்துக்குள் கோயில் வரைக்கும் சேதி போய்விட்டது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது நெடுந்தூரம் புறப்பட்டால் வீட்டுக்கு ஒருவர் வந்து வழிச்செலவு வைப்பார்கள். கப்பலேறி இந்தியா போனாலும், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாலும், கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வைப்பார்கள். அந்தக் காலத்தில் தட்டில் வெற்றிலையோடு வந்தது, இப்போது தீபாவளிக்குப் பணம் வைத்துக் கொடுத்ததில் மிஞ்சிய அங்பாவ் உறையில் வருகிறது. வாங்கியவர்கள் மறக்காமல் அடுத்தவர் பயணத்துக்கு வைக்க வேண்டும். அம்மா எத்தனையோ பேருக்கு வைத்திருக்கிறார். எங்கும் போகாதவர் என்பதால் வாங்கும் முறை அவருக்கு வந்ததே இல்லை.

இப்போது வந்தது. முதலில் வந்தவர் எதிர்வீட்டு அத்தை. உறவில் அத்தை இல்லை; தோட்டத்தில் அப்பாவை அண்ணன் என்று அழைத்தவர், அதனால் எனக்கு அத்தை. உறையை நீட்டினார். அம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு எதுக்கு புள்ள? எம்மவந்தான் எல்லாம் இனாமாவே பண்ணிட்டானே. வழியில எனக்கு என்ன செலவு?"

"அண்ணி, எம்மவன் சிங்கப்பூர் போனப்ப நீங்க வச்சீங்க. நான் திருப்பி வைக்க வேணாமா?"

"வேணாங்கிறேன்ல. கொண்டு போய் பத்தரமா வச்சிக்க."

அத்தையின் முகம் சுருங்கியது. காப்பியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனார். அவருக்குப் பின்னால் வந்த எல்லாருக்கும் அதே பதில்தான். வாழ்நாளெல்லாம் கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை முதல் தடவையாக மறுத்துப் பார்த்தது. அதில் அம்மாவுக்கு ஒரு ருசி இருந்தது. அவர் பெருமைப்பட்டார். நானும் அடுக்களையில் நின்று பெருமைப்பட்டேன். பொய் சொல்வானேன், என் தம்பியை நினைத்து அன்று எனக்குக் கண் கலங்கியது.

இரண்டு நாள் கழித்து என் போனுக்கு அவனிடமிருந்து சேதி வந்தது. சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறானாம். நாளை சாயங்காலத்துக்குள் சார்ஜ் கட்டினால்தான் டிக்கெட் உறுதியாகுமாம். அம்மாவிடம் சொல்லி என் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பச் சொன்னான். கீழே தொகை இருந்தது. சில்லறைத் தொகையில்லை, ஆயிரத்தைத் தாண்டிய மலேசிய வெள்ளி. நான் உடனே கூப்பிட்டேன்.

"என்னடா இது? இனாம்னு சொன்னே?"

"டிக்கெட் இனாம்தாங்க்கா. இது டாக்ஸ், சர்சார்ஜ். எல்லா பாயிண்டு டிக்கெட்டுக்கும் இது உண்டு."

"சர்சார்ஜுன்னா?"

"எண்ணெய்க்கு வாங்குவான். பிளேனுக்கு எண்ணெய் ஊத்தணும்ல."

"எண்ணெய் ஊத்தாம எந்தப் பிளேன்டா பறக்குது? அப்ப இனாமா குடுக்குறது எத? உக்கார்ற சீட்டயா?"

"அக்கா, ரூல்ஸ் அப்படி. நான் என்ன பண்ண முடியும்?"

"அதையும் பாயிண்டுலயே கழிச்சுக்கச் சொல்லேன்."

"அது பாயிண்டுல வராதுக்கா. காசாத்தான் கட்டணும். எனக்கு இந்த மாசம் வீட்டுக் கடன், புள்ளைக்கு ஆஸ்பத்திரி செலவு, கையக் கடிக்குது. இல்லாட்டி கேப்பேனா?"

நம்பினேன். என் கோபமெல்லாம் விமானக் கம்பெனி மேல் திரும்பியது. நான் வேலை செய்யும் கிளினிக்கில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களைக் கூப்பிட்டேன். சோறு ஆறும் வரை போன் பாட்டுப் பாடியது. பிறகு ஒரு பெண் பேசினாள். ரொம்பப் பணிவு. விமான நிலைய வரி என்பது அந்தத் தொகையில் கொஞ்சம்தானாம். மற்றது கம்பெனியே விதிக்கிற கட்டணமாம். பாயிண்டில் கழிவது அடிப்படைக் கட்டணம் மட்டுமாம். அந்த அடிப்படைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். அதைத் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாதாம். வேறு உதவி தேவையா என்று கேட்டாள். வாழைப்பழத்தை இனாமாகக் கொடுத்துத் தோலுக்குக் காசு வாங்குகிறீர்களே என்று சொல்ல வாயெடுத்தேன். பாவம், அவளும் என்னைப் போல ஒரு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவள். வைத்துவிட்டேன்.

அன்றே போனில் ஒரு மலிவு விமானத்தின் விளம்பரம் வந்தது. மெல்பர்னுக்கு முழு டிக்கெட்டே இந்தச் சர்சார்ஜை விடக் கொஞ்சம் குறைவு. படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். "அதுல சோத்துக்குக்கூட காசு. அம்மாவ அதுல கூட்டிட்டு வந்தேன்னு இங்க சொன்னா எனக்கு மானம் போயிரும்" என்று பதில் எழுதினான். மானத்துக்குக் குறைவில்லை.

அம்மாவிடம் சொல்லாமல் நானே கட்டிவிடப் பார்த்தேன். வீட்டுக்காரரிடம் கேட்டேன், அவரும் சரி என்றார். ஆனால் அம்மாவின் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. என்னைத் தனியாக அழைத்தார்.

"எவ்வளவாம்?"

சொன்னேன்.

"மருமவன் காசுல மவன் வீட்டுக்குப் போனேன்னு பேரு வரக் கூடாது. அவருகிட்ட வாங்காத."

வழிச்செலவு உறைகளின் நினைவு அவருக்கும் வந்திருக்க வேண்டும். எதிர்வீட்டைப் பார்த்தபடி நின்றார். அத்தனை உறைகளையும் வாங்கியிருந்தால் பாதிக்கு மேல் வந்திருக்கும். வேண்டாம் என்று சொன்ன வாயால் இனி யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் கேட்கிற காசு பெரிதில்லை, மகன் கொடுத்த இனாம் இனாமில்லை என்று தாமான் முழுக்கத் தெரிந்துபோகும். அம்மா காப்பாற்ற நினைத்தது அதைத்தான்.

மறுநாள் காலை பசியாறியதும் குளியலறையில் சவர்க்காரத்தைத் தடவிக் காப்பைக் கழற்றினார். தோட்டத்தில் கூட்டுச் சீட்டுக் கட்டி, தன் முறை வந்தபோது எடுத்த ஜோடிக் காப்பு அது. அப்பாவின் கருமாதியில்கூடக் கழற்றாதது. தாலியை இழந்தவருக்கு அதுவாவது கையில் கிடக்கட்டும் என்று எல்லாரும் விட்டுவிட்டோம். சிரம்பான் டவுனில் அடகு பிடிக்கும் பஜாக் கடைக்கு நான்தான் காரோட்டிப் போனேன். கம்பிக்குப் பின்னால் இருந்த சீனக் கிழவர் காப்பை உரசி, எடை போட்டு, அடகுச் சீட்டை நீட்டினார். அம்மா மணிக்கட்டில் பதிந்திருந்த வெள்ளைத் தடத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

பணத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். அம்மா காப்பை வைத்ததையும் எழுதினேன், அவனுக்கு உறைக்கட்டும் என்று. "சரிக்கா, அடுத்த தடவ வர்றப்ப பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. அந்தச் சார்ஜையும் அவன் தன் கார்டில்தான் கட்டியிருப்பான். அம்மாவின் காப்புக்கும் பாயிண்ட் ஏறியிருக்கும்.

புறப்படும் நாளில் வழியனுப்ப வந்த அத்தை அம்மாவின் கையைத்தான் முதலில் பார்த்தார்.

"காப்பு எங்கண்ணி?"

"பிளேன்ல நக போட்டுக்கிட்டுப் போகக் கூடாதாம் புள்ள. மிசின் கத்துமாம்."

அம்மா அவ்வளவு சுளுவாகப் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

போனவர் அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தார், அதை மறைக்கக் கூடாது. தினமும் போனில் பேத்தியைக் காட்டுவார். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூக்கு நீவி, நெற்றியில் பொட்டு வைத்து முடிப்பதற்குள் பத்துக் கதை சொல்லிவிடுவார். மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பகல் முழுதும் பிள்ளை அம்மாவிடம்தான். தம்பிக்கு ஆயாக்கொட்டகைச் செலவும் மிச்சம் என்று நான் நினைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி வர ஒரு வாரம் இருக்கும்போது தம்பி உற்சாகமாக வீடியோவில் கூப்பிட்டான். அம்மா கிளம்பியதும் மனைவியையும் பிள்ளையையும் பாலிக்குக் கூட்டிப் போகிறானாம். படுத்துக்கொண்டே போகிற பெரிய சீட்டாம்.

"எல்லாமே பாயிண்டுதாங்க்கா. கையிலேர்ந்து ஒரு காசு போகல. சார்ஜகூட பாயிண்டுலயே கட்டிட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "சார்ஜ பாயிண்டுல கட்டலாமா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அவன் பேச்சு அந்த இடத்தில் தடுக்கியது.

"கட்டலாம்... ஆனா எல்லாத்துக்கும் கட்டினா நட்டம்க்கா. பாயிண்டுக்கு ஒரு வேல்யூ இருக்கு. பெரிய சீட்டுக்குப் போட்டாத்தான் வேல்யூ. அம்மாவோடது சாதா சீட்டு. அதுக்குப் போய் பாயிண்ட வீணாக்கக் கூடாதுல்ல."

"வீணா?"

"அக்கா, நீ கணக்கப் புரிஞ்சிக்க மாட்டேங்கிற..."

அவனுக்குப் பின்னால், சோபாவுக்கு அந்தப் பக்கம், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா நின்றிருந்தார். தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு திரும்பத் தட்டத் தொடங்கியது. நான் போனை அணைத்துவிட்டேன்.

அன்று நான் அழுதது காசுக்காக இல்லை. விமானக் கம்பெனி என்னை ஏமாற்றியது என்று கோபப்பட்டேனே, அவர்கள் குறைந்தது யாரென்றே தெரியாதவர்கள். அவர்களிடம் பாசத்தை யார் எதிர்பார்த்தது? இவன் என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். அவனுடைய பாயிண்டில் எங்கள் ஐஸ்பெட்டி இருக்கிறது, அப்பாவின் கருமாதிச் சோறு இருக்கிறது. அத்தனையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தன் தாயின் கையில் கிடந்ததைக் கழற்றவிட்டான். வழியில்லாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். வழி இருந்தது; அம்மாவுக்கு அது வீண் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். பெற்ற மனம் பித்து என்பார்கள், பிள்ளை மனம் கல்லாம். கல்லுக்குக் கணக்குத் தெரியாது. இவனுக்குத் தெரிந்திருந்தது.

சிப்பாங் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அம்மா பிள்ளையின் கதையாகவே பேசிவந்தார். ரசாவைத் தாண்டி மம்பாவுக்குத் திரும்பும் இடத்தில் திடீரென்று நிறுத்தினார்.

"அன்னிக்கு அவன் பேசினது எனக்கும் கேட்டுச்சு."

"ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"புள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு."

காப்பை நான் மீட்டுத் தருகிறேன் என்றதற்கு, "வச்சது யாருக்காகவோ அவன் மீட்டுத் தரட்டும்" என்றார். மாதங்கள் ஓடின. நான் வட்டியைக் கட்டிச் சீட்டை மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். தம்பி தீபாவளிக்குக் கூப்பிட்டான். பாலியில் எடுத்த படங்களை அனுப்பினான். அடுத்த வருடமும் பாயிண்டில் டிக்கெட் போடுவதாகச் சொன்னான். அம்மா, "பாப்போம்யா" என்று மட்டும் சொன்னார்.

சில வாரங்களுக்கு முன் எதிர்வீட்டு அத்தையின் சின்ன மகளுக்குத் துபாயில் நர்ஸ் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா அலமாரியில் ஓர் அங்பாவ் உறையைத் தேடி எடுத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அத்தை வாசலிலேயே எங்களை மறித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவின் பெருமையைத் திருப்பிக் கொடுக்க இத்தனை நாள் காத்திருந்த சிரிப்பு அது.

"வேணாண்ணி! கம்பெனியே டிக்கெட் போட்டுட்டான். எல்லாம் இனாம்லா. வழியில அவளுக்கு என்ன செலவு?"

அம்மா உறையை நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வாங்கிக்க புள்ள. இனாம்னு எவன் சொன்னாலும் வாங்கிக்க. பெத்த புள்ளையே சொன்னாலும் வாங்கிக்க."

அத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு நீட்டியிருந்த கையைப் பார்த்தார். விமானம் இறங்கி எத்தனையோ மாதம் ஆகியும் அந்த மணிக்கட்டு வெறுமையாகவே இருந்தது. வெள்ளைத் தடம்கூட வெயிலில் கறுத்துவிட்டது. அத்தையின் சிரிப்பு மெல்ல அடங்கியது. உறையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

"ஏய், வெளிய வா. வந்து அத்த கால்ல விழுந்து கும்புடு."